கடுகளவு வெளிப்பாடு

ஆய்வகத்தில் அவளைக் கடுகு என்றுதான் கூப்பிடுவார்கள். முதலில் அது வேலையால் ஒட்டிக்கொண்ட பெயர். மூளைக்கு நடுவே பினியல் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. எலிக்கு அது கடுகளவுதான். அதை நசுக்காமல் எடுத்து, செல் செல்லாகப் பிரித்து, தட்டில் வளர்ப்பது அவள் வேலை. பிறகு அவள் கோபத்தைப் பார்த்தவர்கள், இந்தப் பெயரை யோசித்தவர் தீர்க்கதரிசி என்றார்கள். கடுகு எண்ணெயில் விழுந்தால்தான் வெடிக்கும், இவளுக்கு எண்ணெயும் வேண்டாம் என்பது அவள் வீட்டுக்காரர் கருத்து. அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆபத்தைக் கண்டால் ஒரு எட்டு தள்ளி நிற்கத் தெரிந்தவர்.

பினியலை மூன்றாவது கண் என்று சொல்கிறவர்கள் உண்டு. கடுகு விஷயத்தில் அதை நம்பலாம். காலையில் வந்ததும் நெற்றிக்கண்ணைத் திறந்தால், சாயங்காலம் கையுறையைக் கழற்றும்போதுதான் மூடுவாள். வளர்ப்புப் பெட்டியின் கதவை யாராவது சரியாகச் சாத்தாமல் போனால் கோபம். தன் பைப்பெட்டை எடுத்தவன் கழுவாமல் வைத்தால் கோபம். கழுவி வைத்தால், யாரைக் கேட்டு எடுத்தாய் என்று கோபம். ஐம்பது வயதை நெருங்கியவளிடம் போய் 'கொஞ்சம் பொறுமையா இருக்கக் கூடாதா' என்று கேட்ட புதுப் பையன் ஒருவன் மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அவள் வாயே திறக்காத இடம் ஒன்று உண்டு. கீழ்த்தளத்தில் இருக்கும் தலைகீழ் அறை. பினியல் இருட்டில் வேலை செய்கிற சுரப்பி. அதன் ராத்திரியைப் பார்க்க நாமும் ராத்திரியில் விழித்திருக்க வேண்டாம் என்று, அந்த அறையின் விளக்குகளை மாற்றி வைத்திருந்தார்கள். ஊர் விழிக்கும்போது அங்கே விளக்கு அணையும். காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டு, கையில் சிவப்பு விளக்கோடு, அவள் எலிகளின் நடுராத்திரிக்குள் நுழைவாள். வெள்ளை வெளிச்சம் ஒரு கீற்று உள்ளே வந்தால் போதும், சுரப்பி பகல் வந்துவிட்டது என்று நினைத்துக் கடையை மூடிவிடும். செய்த வேலையெல்லாம் பாழ். அதனால் அங்கே கதவை அறையக் கூடாது, யாரையும் அதட்டக் கூடாது. கோபத்தைச் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். திரும்பி வரும்போது மறக்காமல் இரண்டையும் மாட்டிக்கொள்வாள்.

அவள் கத்தாத மனிதரும் ஒருவர் உண்டு. அவளுடைய அக்கா.

அக்கா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். அந்தக் குரலைக் கேட்பதற்காகவே தப்பான எண்ணைக் கேட்டவர்கள் இருந்தார்களாம், இது அக்காவே சொன்னது. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்ட வீட்டில் தங்கையைக் கண்டித்தது, படிக்க வைத்தது, காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் அந்தக் குரல்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'நாள் முழுக்க ரெண்டு பேரைச் சேர்த்து வைக்கறதுதான் வேலை, வீட்டுக்கு வந்தும் அதே வேலையா' என்று சிரிப்பாள். நிலையத்தை மூடியபின் தங்கை வீட்டுக்கே வந்துவிட்டாள். வரும்போது ஒரு பெட்டியும் தன் பழைய தொலைபேசியும் கொண்டுவந்தாள். ஆளுக்கொரு கைபேசி இருக்கிற வீட்டில் அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு வலி வந்தது. வலது கன்னத்தில், முகத்து நரம்பில். காற்று பட்டால் வலி, பல் தேய்த்தால் வலி, சாப்பிட்டால் வலி. எல்லாவற்றையும் விடக் கொடுமை, பேசினால் வலி. மின்சாரம் பாய்கிற மாதிரி வரும். வந்தால் அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கையைக் கன்னத்துக்கு அருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்துவாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அது கேட்டது. ஆனால் தலை சுற்றியது, கால் தள்ளாடியது, வார்த்தைகள் பாதி வழியில் நின்றன. 'இது வலியை நிறுத்தலடி, என்னைத்தான் நிறுத்துது' என்றாள் அக்கா. வாயால் பிழைத்தவளுக்கு வார்த்தை வராமல் போனால் எப்படி இருக்கும்? இருந்தாலும் போட்டுக்கொண்டாள். பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் கடுகின் தட்டில் ஒரு விஷயம் நடந்தது. அபினைப் போல வலியை மட்டுப்படுத்தும் சிறு புரதத் துண்டுகளை, அதாவது ஓபியாய்டு பெப்டைடுகளை, நம் உடம்பே செய்துகொள்கிறது. அதற்கான மரபணு எல்லாச் செல்லிலும் இருக்கிறது, ஆனால் எல்லாச் செல்லும் அதைக் கண்டுகொள்வதில்லை. எலியின் உடம்புக்குள் இருக்கும்வரை, பினியல் செல்களிலும் அது கிட்டத்தட்ட ஊமை. அதே செல்களைப் பிரித்து, நரம்பின் பிடியிலிருந்து விடுவித்து, தட்டில் தனியே வைத்தபோது, மரபணு பேச ஆரம்பித்துவிட்டது. அந்த மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகல்களில் மட்டும் போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயம் ஒன்றைப் போட்டு நுண்ணோக்கியில் பார்த்தாள். கறுப்பில் பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். அவளுக்குக் கோபமே வராத அபூர்வமான மத்தியானம் அது.

படத்தைப் பெரிதாக அச்சுப் போட்டு அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"என்னடி இது, மாடியிலேர்ந்து ஊரைப் பார்த்த மாதிரி இருக்கு?"

"செல்லுக்கா. எலியோடது. வலிமருந்து செய்யற ஜீன் இதுல முழிச்சுக்கிட்டிருக்கு."

"அப்ப மருந்து செய்யுதா?"

"அது தெரியாது. ஜீன் முழிச்சிருக்குன்னு மட்டும்தான் தெரியும். உன் எக்ஸ்சேஞ்ச்ல மணி அடிக்கற மாதிரி. மணி அடிக்குது. எடுத்தாங்களா, பேசினாங்களா, என்ன பேசினாங்க, ஒண்ணும் தெரியாது."

"மணி அடிக்கறது வேற, லைன் கிடைக்கறது வேற. எனக்கே பாடம் எடுக்கறியா நீ?" என்று அக்கா, வலிக்காத பக்கத்து வாயால் சிரித்தாள். படத்துக்குச் சட்டம் போட்டு, தொலைபேசிக்கு மேலே சுவரில் மாட்டிவிட்டாள்.

இனிமேல் வருவதைச் சொல்லும்போது எனக்கே பல்லைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. கடுகுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆய்வகத்தைப் பொதுமக்கள் வந்து பார்க்க ஒரு நாள் வைத்தார்கள். அதற்குச் சுவரொட்டி வேண்டும். கடுகு எழுதிக் கொடுத்த தலைப்பு, 'தட்டில் வளர்த்த பினியல் செல்களில் ஓபியாய்டு பெப்டைடு மரபணு வெளிப்பாடு'. துறைத் தலைவர் அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவர்களோடு சண்டை போட்டு ஜெயித்துவிடலாம், இவர் எல்லோருக்கும் நல்லவர். சுவரொட்டி செய்கிறவர் இடம் போதாது என்றார், இவர் கத்திரியை எடுத்தார். 'தட்டில் வளர்த்த' போயிற்று. 'பெப்டைடு' யாருக்கும் புரியாது, போயிற்று. 'ஓபியாய்டு' என்றால் பல்லை உடைக்கும், 'அபின்' என்று ஆயிற்று. கடைசியில் 'மரபணு'வும் போயிற்று. மிஞ்சியது, 'பினியல் சுரப்பியில் அபின் வெளிப்பாடு'.

கடுகு குதித்தாள். "சார், மரபணு வெளிப்பாடுன்னா ஜீன் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். நீங்க ஜீனை எடுத்துட்டீங்க. இப்ப இதைப் படிக்கறவன் சுரப்பியிலேர்ந்து அபின் வெளியில கொட்டுதுன்னு நினைப்பான்."

"பொதுமக்களுக்குப் புரியற மாதிரி இருக்கணும்மா."

"தப்பாப் புரியறதும் புரியறதுதானா சார்?"

அவர் சிரித்தார். அவருடைய ஆயுதமே அதுதான். யார் கோபப்பட்டாலும் சிரிப்பார், கோபப்பட்டவர் பைத்தியக்காரர் ஆகிவிடுவார்.

செல்களுக்கு ஊட்டும் திரவத்தையும் ஊடகம் என்கிறோம், பத்திரிகை தொலைக்காட்சியையும் ஊடகம் என்கிறோம். ஊடகத்தில் போட்ட எதுவும் பெருகும். சுவரொட்டியில் 'வெளிப்பாடு' என்று இருந்தது, மறுநாள் பத்திரிகையில் 'மூளைக்குள் அபின் ஊற்று' ஆயிற்று. அதன்பிறகு கோட்டுப் போட்ட ஒருவர் இரண்டு முறை துறைத் தலைவரைப் பார்க்க வந்தார். வந்தவருக்குக் காபி கொடுத்தார்கள். கடுகு அவர் நிறுத்தியிருந்த காரைப் பார்த்து, அது வழியை அடைக்கிறது என்று காவலாளியிடம் எரிந்து விழுந்ததோடு சரி. அப்போதே அந்த ஆள் யார் என்று கேட்டிருக்கலாம்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. முழு வாய்ச் சிரிப்பு. அக்கா மேஜையில் உட்கார்ந்து, ரொட்டியின் ஓரத்தை வலது பக்கத்தில் வைத்து, நொறுக் நொறுக்கென்று மென்றுகொண்டு, எதிரில் உட்கார்ந்திருந்த தங்கை மாப்பிள்ளையிடம் பழைய நிலையத்துக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாடி! வலி போயிடுச்சு! ஒரு வாரமாப் பார்க்கறேன், போயே போயிடுச்சு. நிச்சயமாத் தெரியட்டும்னுதான் உன்கிட்டச் சொல்லல. எல்லாம் உன் மருந்துதான்."

"என் மருந்தா?"

அக்கா ஒரு சின்னப் பாட்டிலை மேஜையில் வைத்தாள். நாக்குக்கு அடியில் விடும் சொட்டு. சுற்றிலும் ஒட்டியிருந்த தாளில் கறுப்பு. கறுப்பில் பச்சைப் புள்ளிகள். கடுகு அந்தப் படத்தை எந்த இருட்டிலும் அடையாளம் கண்டுகொள்வாள். இடது ஓரத்தில் இரண்டு செல்கள் ஒட்டி நிற்பது உட்பட, அவளுடைய படம். கீழே, 'உங்கள் பினியலில் உறங்கும் நிவாரணம் வெளிப்படட்டும்'.

"கடைக்காரர் வேற ஏதேதோ காட்டினார். நான் இதைப் பார்த்ததும், அட, இது நம்ம வீட்டுச் சுவத்துல இருக்கற படமாச்சேன்னு எடுத்துட்டேன். எங்க சின்னது செஞ்ச வேலைன்னு அவர்கிட்டயும் சொன்னேன். ஏன்டி, ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்லக் கூடாதா? அவ்வளவு அடக்கமா?"

கடுகின் கண் அலமாரிக்குப் போனது. மாத்திரை அட்டை பிரிக்காமல் இருந்தது. எப்போது நிறுத்தினாள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. டாக்டர் முன்பே, அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு, இவளிடம் சொல்லியிருந்தார். இந்த வலி சில சமயம் தானாகவே போய் ஒளிந்துகொள்ளும், போய்விட்டது என்று நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், திரும்பி வரும்போது உங்களைக் கேட்டுக்கொண்டு வராது.

அந்தப் பாட்டிலைச் சுவரில் அடித்து உடைக்க வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தாள். அக்கா ரொட்டியை மென்றுகொண்டு, கண்ணெல்லாம் பெருமையாக, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடுகு வாயை மூடிக்கொண்டாள். தலைகீழ் அறையில் மூடிக்கொள்வதைப் போல.

"நல்லதுக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். "என்ன, மருந்து நிஜம் இல்லையா?"

"வெறும் இனிப்புத் தண்ணி. வலி தானாப் போயிருக்கு. தானாத் திரும்பி வரும்."

"சொல்லிடு."

"சிரிக்கறாங்களேங்க. எத்தனை நாளாச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டு."

"சிரிக்கறப்பவே சொல்லிடு. லிஃப்ட்ல சத்தம் நின்னுடுச்சுன்னா கயிறு சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல."

"தெரியும்! எனக்கு நீங்க சொல்ல வேணாம்!" என்று அவரிடம் வெடித்தாள். அவர் ஒரு எட்டு தள்ளி நின்றார்.

மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள். மறுநாள் அக்கா வாசலில் காற்று வாங்கிக்கொண்டு நின்றாள், கன்னத்தைத் துணியால் மூடாமல். அதற்கு மறுநாள் யாரோ பழைய தோழியைக் கூப்பிட்டுப் பாட்டுப் பாடிக் காட்டினாள். ஒவ்வொரு நாளும் கடுகு உள்ளேயே கொதித்தாள். வெளியே ஒரு வார்த்தை வரவில்லை. அந்தக் கொதிப்பெல்லாம் ஆய்வகத்தில் போய்க் கொட்டியது. அவள் வருவதைப் பார்த்து மற்றவர்கள் படிக்கட்டு வழியாகப் போனார்கள்.

கடைசியில் துறைத் தலைவர் அறைக்கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு போய், பாட்டிலை அவர் மேஜையில் டொக்கென்று வைத்தாள்.

"இது யார் கொடுத்த படம் சார்?"

"உட்காருங்கம்மா."

"நின்னுக்கறேன். யார் கொடுத்தது?"

"ஆய்வகத்தோட படம்மா அது. ஒப்பந்தம் போட்டுத்தான் கொடுத்திருக்கோம். உங்க வேலை நாலு பேர் கண்ணுல படுதுன்னா நல்லதுதானே?"

"இது எலியோட செல். தட்டுல வளர்த்தது. உடம்புக்குள்ள இருக்கறப்ப இந்த ஜீன் வாயே திறக்கலன்னு உங்களுக்கும் தெரியும். கட்டுரையில அதை எழுதினதே நாம ரெண்டு பேரும்தான். இதைக் காட்டி மனுஷங்க நாக்குல சொட்டு விடச் சொல்றாங்க!"

"வெளிப்பாடுங்கறது தப்பான வார்த்தையா? நாமளே எழுதற வார்த்தைதானே?" சிரித்தார். "குணமாகும்னு அவங்க எங்கயும் போடலையேம்மா. நல்லாப் படிச்சுப் பாருங்க. ரொம்ப ஜாக்கிரதையா எழுதியிருக்காங்க."

"அதைத்தான் சார் சொல்றேன். பொய் சொல்றவன்கூட இவ்வளவு ஜாக்கிரதையா இருக்க மாட்டான்."

"இனிப்புத் தண்ணியால யாருக்கும்மா கெடுதல்?"

"என் அக்காவுக்கு! மாத்திரையை நிறுத்திட்டா. உங்க சுவரொட்டியை நம்பி இல்ல, என் படத்தை நம்பி."

முதல் தடவையாக அவர் சிரிக்கவில்லை. பாட்டிலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போலக் கேட்டார்:

"நீங்கதான் வீட்டுல இருக்கீங்களே. நீங்க சொல்லலையா?"

கடுகு பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கதவை அறைந்ததில் அவர் பெயர்ப்பலகை கோணிக்கொண்டது. ஆனாலும் அவர் கேட்டது அவளோடேயே படியிறங்கி வந்தது. அவர்மேல் வந்த கோபத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. அதே கேள்வியால் தன்மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. இன்றைக்குச் சொல்லிவிடுவது, வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து நேரே வீட்டுக்குப் போனாள்.

நுழைந்தபோது அக்கா அந்தப் பழைய தொலைபேசியில் இருந்தாள். ரிசீவரை வலது காதில் வைத்து, சுவரில் சாய்ந்து, யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்க சின்னதுதான் கண்டுபிடிச்சது. ஆமாங்கறேன்! அவ படம்தான் பாட்டில்ல. உங்களுக்கும் ஒண்ணு வாங்கி அனுப்ப..."

அனுப்பட்டுமா என்பது முடியவில்லை. ரிசீவர் கீழே விழுந்து, கம்பியில் தொங்கி, சுவரில் மோதிக்கொண்டே இருந்தது. அக்கா வாயைத் திறந்தபடி நின்றாள். கத்தினால் இன்னும் வலிக்கும் என்று தெரிந்த வாய், திறந்தது திறந்தபடியே நின்றது. கை கன்னத்துக்கு அருகே போய், தொடாமல் நின்றது. கடுகு ஓடிப்போய்ப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். தொங்கிக்கொண்டிருந்த ரிசீவரில் ஒரு குரல், ஹலோ, ஹலோ, என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

வலி போய்ப் போய் வந்தது. நடுவில் கிடைத்த இடைவெளியில் அக்கா உதட்டை அசைக்காமல், பல்லுக்குள்ளேயே கேட்டாள்:

"இது திரும்பி வரும்னு உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. "தெரியும்க்கா."

"எப்பலேர்ந்து?"

"நீ பாட்டிலைக் காட்டின அன்னிலேர்ந்து."

அக்கா அவளைப் பார்த்த பார்வையில் வலியை விட வேறொன்று பெரிதாக இருந்தது. "காவலாளிகிட்ட எரிஞ்சு விழுவ. மாப்பிள்ளை மேல எரிஞ்சு விழுவ. கதவு, நாற்காலி, ஒண்ணு பாக்கி இல்ல. என்கிட்ட மட்டும் ஏன்டி சும்மா இருந்த?"

"நீ சிரிச்சக்கா."

"அதுக்கு?"

"கெடுக்க மனசு வரல."

"யார் கேட்டா உன் மனச? ஊருக்கெல்லாம் பாட்டில் வாங்கச் சொல்லிட்டேனேடி! இந்த வாயால சொல்லிட்டேனே!" அவ்வளவு பேசியதற்கு வலி மறுபடி வந்து அடித்தது. அது போகும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தவள், திறந்து, மெல்லச் சொன்னாள். "திட்டுடி."

"என்னக்கா?"

"திட்டு. அன்னிக்கே திட்டியிருக்கணும். இப்பத் திட்டு."

கடுகு அலமாரியைத் திறந்து, மாத்திரை அட்டையைக் கிழித்து, தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்து, அக்கா முன்னால் நின்று திட்ட ஆரம்பித்தாள். உனக்கு அறிவிருக்கா? யாரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தின? படம் போட்டிருந்தா பினாயிலைக்கூடக் குடிப்பியா? என் படம்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கென்ன, நான் என்ன பக்கத்துக் கிரகத்துலயா இருக்கேன்? "அந்தப் படத்துல இருக்கற செல்லுக்கு உடம்பே இல்லக்கா! நரம்பு இல்ல, தலை இல்ல, கன்னம் இல்ல. வலிக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. ஒரு தட்டுல தனியாக் கிடந்து அது பாட்டுக்குக் கத்திக்கிட்டிருந்தது. அதை எடுத்து உன் நாக்குக்கு அடியில விட்டுக்கிட்டியே!" குரல் உடைந்தது. உடைந்தும் நிறுத்தவில்லை. வேலையிலிருந்து வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அக்கா மாத்திரையை இடது பக்கம் போட்டு விழுங்கினாள். தம்ளரைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"மணி அடிச்சதுக்கே லைன் கிடைச்சாச்சுன்னு நினைச்சேன் பாரு. நானு! முப்பது வருஷம் அந்த நாற்காலியில உட்கார்ந்தவ."

மாத்திரை உடனே கேட்கவில்லை. விட்டுப் பிடித்த மாத்திரை அப்படித்தான், உடம்பு அதை மறுபடி ஏற்றுக்கொள்ளச் சில நாள் ஆகும் என்றார் டாக்டர். மறுநாள் காலையில் கடுகு வேலைக்குப் போகவில்லை. பாட்டிலின் அடியில் பொடி எழுத்தில் இருந்த எண்ணைப் பார்த்துத் தன் கைபேசியில் அழைத்தாள். எடுத்தவள் பேச ஆரம்பிக்கும் முன்பே கடுகு வெடித்தாள். மோசடி என்றாள், கோர்ட்டு என்றாள், உன் முதலாளியைக் கூப்பிடு என்றாள். எதிர்முனை துண்டித்துக்கொண்டது. மறுபடி அழைத்தாள். மறுபடியும் துண்டித்தார்கள். மூன்றாவது முறை எடுக்கவே இல்லை. கைபேசியைச் சோபாவில் விட்டெறிந்தாள்.

அக்கா உள்ளேயிருந்து தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, பழைய தொலைபேசிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. அதை எப்போது கழற்றினாள் என்று யாரும் பார்க்கவில்லை. பாட்டிலைக் கொடு என்று கையை நீட்டினாள்.

"வேணாம்க்கா. நீ பேசினா வலிக்கும்."

"கத்தினா எடுக்க மாட்டாங்கடி. உனக்குக் கத்தத்தான் தெரியும், பேசத் தெரியாது."

"எழுதிப் போடலாம். நான் எழுதறேன்."

"எழுதினதைத்தானே வெட்டறாங்க."

ரிசீவரை எடுத்து இடது காதில் வைத்தாள். எண்ணைச் சுழற்றினாள். மணி போனது, போய்க்கொண்டே இருந்தது. கடுகு பக்கத்தில், தலைகீழ் அறையில் நிற்பதைப் போல, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். யாரோ எடுத்தார்கள். அக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். வந்தது அந்தப் பழைய குரல், ஒரு சுருக்கம் இல்லாமல்.

"வணக்கம். உங்க பாட்டில் மேல இருக்கற படத்துக்கு அக்கா பேசறேன்." முகம் கோணியது. காத்திருந்து, வலி இறங்கியதும், அதே குரலில் தொடர்ந்தாள். "இல்லம்மா, தப்பான நம்பர் இல்ல. அந்தப் படத்தை எடுக்கச் சொல்ற அதிகாரம் யாருக்கு இருக்கோ, அவங்களுக்கு லைனைக் கொடுங்க. நான் வைக்க மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் லைன்லயே இருக்கேன்."

எதிர்முனையில் இசை ஓட ஆரம்பித்தது. அக்கா காத்திருந்தாள். வலது கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் கன்னத்தில் வழிந்தது. தொட்டால் வலிக்கும் என்று தெரிந்ததால், இரண்டு பேருமே அதைத் துடைக்கவில்லை.